கைக்கு எட்டாத இடம்

பிள்ளை பார்க்கிற வீட்டில் முதலில் மூட வேண்டியது கிணறு. பலர் அடுப்பைச் சொல்வார்கள். அடுப்பு சுட்டால் பிள்ளை கையை இழுத்துக்கொள்ளும், அடுத்த முறை கிட்டப் போகாது. கிணற்றில் அடுத்த முறை என்பது கிடையாது. உடைந்த வள்ளத்தின் பலகைகளை அடித்து என் கிணற்றுக்கு மூடி செய்தேன். அதன் மேல் ஒரு கல்லையும் தூக்கி வைத்தேன். எங்கள் மண்டபம் ஊரில் எல்லாம் மணல் கிணறுதான், இரண்டு ஆள் ஆழம்கூட இருக்காது. ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு அது போதும்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன் ஐயா. டப்பா கூரையை ஒட்டிய பலகையில் இருந்தது என்றால் ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது எப்படி எட்டியது என்று கேட்டீர்கள். சரியான கேள்வி. என் வீட்டைப் பற்றிச் சொன்னால்தான் அதற்குப் பதில் விளங்கும்.

என் பெயர் உலகம்மாள். வயது நாற்பத்தொன்பது. கல்யாணமான மூன்றாம் வருடம் தூத்துக்குடிக்குத் தோணியில் போன என் புருஷன் திரும்பவில்லை. பிள்ளை கிடையாது. பதினோரு வருடம் ஓர் ஆஸ்பத்திரியில் இரவு ஆயாவாக இருந்தேன். அம்மை கண்டவர்களைத் தனியே வைக்கும் கொட்டகை என் பொறுப்பு. ஊர் நடமாடும்போது தூங்கினேன், ஊர் தூங்கும்போது விழித்திருந்தேன். ஐம்பத்து நாலில் ஒரு நாள், வேலை பாதியில் இருக்கும்போது எழுந்து வீட்டுக்கு நடந்து வந்துவிட்டேன். காரணம் கேட்டு ஆள் அனுப்பினார்கள். காரணம் என்று ஒன்றும் இல்லை. அன்று முழுவதும் நான் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பது நினைவுக்கு வந்தது. முந்தின நாளும் பேசியிருக்கவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து என்னோடு வந்தது ஒரு டப்பா சேராங்கொட்டை. துணிகளுக்குக் குறி போட வைத்திருந்தேன். வண்ணார் குறி போடுவாரே, அதே கொட்டைதான். அதன் பாலைத் தொட்டுத் துணியில் ஒரு புள்ளி வைத்தால் எத்தனை வெளுப்புக்கும் போகாது. தோலில் பட்டால் ஓரிரு நாளில் கொப்புளித்துவிடும். அதனால்தான் அந்த டப்பாவைக் கூரைப் பலகையில் வைத்திருந்தேன். முக்காலி போட்டு ஏறினால்தான் எனக்கே எட்டும்.

கருவாட்டுக் கொட்டகைக்கு வேலைக்குப் போகிற பெண்கள் தங்கள் பிள்ளைகளை உப்பு மூட்டைக்குப் பக்கத்தில் கிடத்திவிட்டு வேலை பார்ப்பார்கள். ஈ மொய்க்கும், நாய் வரும். ஒருத்தி பிள்ளையைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். பிறகு இன்னொருத்தி வந்தாள். ஒரு வருடத்தில் ஒன்பது பிள்ளைகள் ஆகிவிட்டார்கள். தாய்மாரின் சேலை மடிப்பில் தூண்டில் முள் ஒட்டிக்கொண்டு வரும். அதனால் பிள்ளையை வாசலிலேயே வாங்கி, துணியை உதறி, உள்ளங்காலைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவேன். தண்ணீரைக் கொதிக்க வைப்பேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிப் பாய், தனி டம்ளர். வந்ததும் பெயர் சொல்லிக் கூப்பிடுவேன். பெயர் சொன்னால் பிள்ளை அழாமல் வரும். ஐந்து வருடத்தில் என் வீட்டில் ஒரு பிள்ளைக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை. யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள்.

நூர் நிஷாவிடம் கேளுங்கள். சாயங்காலம் வந்து நின்றாள் என்றால் அவள் மகன் என் முந்தானைக்குள் ஒளிந்துகொள்வான்.

"ஏக்கா, என்னத்த ஊட்டி மயக்கி வச்சிருக்கீக? பெத்தவ நான் இங்கன நிக்கேன், பேயப் பாத்த மாதிரி ஓடுறானே."

"ஒன் மேல வர்ற கருவாட்டு நாத்தத்துக்குப் பேயே ஓடிரும்டி."

"நாறட்டும். இந்த நாத்தத்துலதான் அவன் கஞ்சி குடிக்கான். வாடா இங்கன."

அவள் சிரித்துக்கொண்டே அவனை இழுத்துக்கொண்டு போவாள். ஒன்றிரண்டு நாழிகையில் எல்லாரும் போய்விடுவார்கள். நான் ஒன்பது பாய்களையும் சுருட்டி வைப்பேன். அதன் பிறகு வீட்டில் என் இருமலைத் தவிர வேறு சத்தம் இருக்காது. பாம்பன் பாலத்தில் ரயில் ஏறுகிற சத்தம் காற்று இருந்தால் கேட்கும், இல்லாவிட்டால் அதுவும் கிடையாது. ஆஸ்பத்திரியில் முனகவாவது ஆட்கள் இருந்தார்கள்.

நாகலெட்சுமி பத்து மாதக் குழந்தையாக என்னிடம் வந்தாள். அவள் தாய் ராக்கு கமுதிப் பக்கத்துக்காரி. புருஷன் கூத்தையா இலங்கையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தான். பிரசவத்துக்கு ஊருக்கு வந்த ராக்கு, திரும்பிப் போகக் காகிதம் கிடைக்காமல் மண்டபத்திலேயே தங்கிக் கருவாட்டுக் கொட்டகைக்குப் போனாள். எல்லாருக்கும் கடைசியாக அவள்தான் வருவாள். சில நாள் வேலை முடியாது, பிள்ளை என்னிடமே தூங்கும். பத்தாவது பாய் அது. அதை மட்டும் நான் சுருட்டவில்லை.

காகிதம் வந்தபோது நாகுவுக்கு இரண்டரை வயது. மண்டபத்தில் உடம்பைச் சோதித்துச் சீட்டுக் கொடுத்தால்தான் தனுஷ்கோடி போய்க் கப்பல் ஏற முடியும் என்பது உங்களுக்குத் தெரியும். உடம்பில் அம்மைப் புள்ளி மாதிரி ஏதாவது இருந்தால் நிறுத்தி வைப்பார்கள். அது அம்மை என்று நிச்சயமாக வேண்டியதில்லை, சந்தேகம் போதும். டாக்டர் மேல் குற்றம் இல்லை. ஒரு கப்பல் ஆட்களின் உயிர் அவர் பொறுப்பு. அவர் இடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் செய்திருப்பேன்.

சோதனைக்கு இரண்டு நாள் முன்பு முக்காலி போட்டு ஏறினேன். முதுகில் நான்கு, வயிற்றில் மூன்று. ஈர்க்கின் நுனியால்தான் வைத்தேன். பதினோரு வருடம் அம்மை பார்த்தவளுக்கு எந்த இடத்தில் வைக்க வேண்டும் என்று தெரியும். அழுதாள். தேங்காய் எண்ணெய் தடவி, தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன்.

வாசலில் வேப்பிலை சொருகினேன். மற்றத் தாய்மார் பிள்ளைகளைக் கொண்டுவரவில்லை. அந்த இரண்டு வாரமும் வீட்டில் நானும் நாகுவும் மட்டும்தான். இரவு அவள் கை என் காதைப் பிடித்திருக்கும்.

ராக்குவின் காகிதத்துக்குக் கெடு இருந்தது. அதன் கடைசி வாரம் மறுபடி புள்ளி கண்டது. அவள் என் வாசலில் உட்கார்ந்து அழுதாள்.

"நான் மட்டும் போயி அவுகள வச்சு மறு காகிதம் எழுதி வாங்கிட்டு வாரேன்க்கா. இன்னிக்குப் போகாட்டி எனக்கும் இல்ல, அவளுக்கும் இல்லன்டு சொல்றாக."

"போயிட்டு வா. நான் இருக்கேன்ல."

"ஒங்க கையில விட்டுட்டுப் போறதுனாலதான் எனக்கு உசுரு நிக்குது."

அவள் சொன்னது உண்மை. நாகு என் கையில்தான் இருந்தாள். அதற்கு மேல் பத்திரமான இடம் அந்தக் கரையில் இல்லை.

ராக்கு வர ஒன்றரை வருடம் ஆயிற்று. வருவதாகக் கடிதம் போட்டிருந்தாள். தோட்டத்தில் யாரோ எழுதிக் கொடுத்த கடிதம். அதை நாகுவுக்கும் படித்துக் காட்டினேன். தாயைப் பற்றி அவளிடம் நான் ஒரு சொல் தப்பாகப் பேசியதில்லை. படித்து முடித்ததும் நாகு சட்டையைத் தூக்கிக்கொண்டு முதுகைக் காட்டி நின்றாள்.

"அந்தம்மா வருதா ஆயா? புள்ளி வைப்பமா?"

நான் கேட்கவில்லை. அவளே காட்டினாள். அப்போது அவளுக்கு நான்கு வயது. அந்த முறை அவள் அழவும் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணினாள். ஏழுவரை எண்ண நான்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

ராக்குவுக்குப் பத்து நாள்தான் அனுமதி. அவள் எட்ட நின்று பிள்ளையைப் பார்த்தாள். பிள்ளை என் பின்னால் நின்றது. கொண்டுவந்த பொம்மையை வாசலில் வைத்துவிட்டு ரயிலேறிப் போனாள். நாகு என்னை விட்டுப் போகக்கூடாது என்று நினைக்கிறாள் என்பது அன்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அதுவரை கொஞ்சம் சந்தேகம் இருந்தது.

போன மாதம் கடைசிக் கடிதம் வந்தது. கூத்தையாவும் கூட வருகிறான் என்று இருந்தது. "புள்ளி இருந்தாலும் பரவாயில்லை, ஆறுகிறவரை மண்டபத்திலேயே தங்கியிருந்து கூட்டிக்கொண்டுதான் போவோம். நீங்கள் பட்ட பாடு போதும் அக்கா. உங்களுக்கு ஒரு சேலை எடுத்திருக்கிறோம்." அந்தச் சேலையைப் பற்றி நிறைய நேரம் யோசித்தேன். பிள்ளையைக் கொண்டுபோகிறவர்கள் எதையாவது கொடுத்துவிட்டுத்தான் போவார்கள். நூர் நிஷாகூடப் பெருநாளைக்குப் பலகாரம் கொடுத்துவிட்டுத்தான் பிள்ளையை இழுத்துக்கொண்டு போவாள்.

நாகு கேட்டாள்.

"இந்த வாட்டி புள்ளி பத்தாதா ஆயா?"

"பத்தாது போல."

"டாக்டரு மொதல்ல எங்கன பாப்பாரு?"

"கண்ணத்தான். கீழ எமைய இழுத்துப் பாப்பாரு."

"அப்புறம்?"

"அப்புறம் நாக்கு."

கேட்டதற்குப் பதில் சொன்னேன். எந்தப் பிள்ளையிடமும் நான் பொய் சொன்னதில்லை.

இனி உங்கள் கேள்வி. பலகையைத் துடைப்பதற்காக டப்பாவை இறக்கியதாக முதலில் உங்கள் ஏட்டிடம் சொன்னேன். அது தவறு, அடித்துவிடுங்கள். அந்தப் பலகையை நான் துடைப்பதே இல்லை. அவர்கள் வருகிற வியாழக்கிழமை காலையில் முக்காலி போட்டு ஏறி டப்பாவை இறக்கினேன். கொட்டைகளில் ஊசி குத்தினேன். ஈர்க்கை ஒடித்துப் பக்கத்தில் வைத்தேன். கிணற்று மூடியின் மேல் வைத்தேன். அது நாகுவின் இடுப்பு உயரம். பிறகு, கருப்பட்டி வாங்கிவருகிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டுக் கடைக்குப் போனேன். மற்றப் பிள்ளைகள் வருகிற நேரம் ஆகவில்லை. ஒரு பிள்ளையைத் தனியே விட்டு நான் வெளியே போனது அந்த ஒரு முறைதான்.

கடை பக்கத்தில்தான் இருக்கிறது. நான் ரயில் நிலையம்வரை போய்த் திரும்பினேன்.

வந்தபோது கிணற்றடியில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையையும் மடியில் வைத்திருந்தாள். முகம் வீங்கியிருந்தது. என் காலடிச் சத்தத்துக்குத் தலையைத் திருப்பினாள்.

"ரெண்டு கண்ணுலயும் வச்சுட்டேன் ஆயா. எரியுது. இனி கூட்டிட்டுப் போக மாட்டாகள்ல?"

எத்தனை நேரம் கழித்துத் தண்ணீர் ஊற்றினேன் என்று டாக்டர் கேட்டதாகச் சொன்னீர்கள். உடனே ஊற்றவில்லை. முதலில் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். மாட்டார்கள் என்று சொன்னேன். பிறகு அவள் கத்தத் தொடங்கினாள். ராக்குவும் கூத்தையாவும் சேலைப் பொட்டலத்தோடு வாசலுக்கு வந்தபோதும் மடியில்தான் வைத்திருந்தேன். அவர்கள்தான் பிடுங்கிக்கொண்டு போனார்கள்.

பார்வை திரும்பாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருப்பதாகச் சொல்கிறீர்கள். டப்பாவை எட்டுகிற இடத்தில் வைத்தது நான். தெரிந்துதான் வைத்தேன். இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அவள் கண்ணில் நான் விரல்கூட வைக்கவில்லை என்பதையும் எழுத வேண்டும்.

ஆஸ்பத்திரியில் அவள் யார் ஊட்டினாலும் சாப்பிடாமல் என்னைக் கேட்கிறாளாம். ராக்குவுக்கு அவளைப் பார்த்துக்கொள்ளத் தெரியாது. தோட்டத்து வீடுகளுக்கு முன்னால் படிக்கட்டு, பக்கத்தில் ஓடை, திறந்த அடுப்பு என்று ராக்குவே சொல்லியிருக்கிறாள். இருட்டில் இருக்கிற ஆளோடு விழித்திருக்க எனக்குத்தான் பழக்கம். நான் திரும்பிப் போக நாளாகும் என்றால் யாரையாவது என் வீட்டுக்கு அனுப்புங்கள் ஐயா. முக்காலியை ஓரமாகப் போடச் சொல்லுங்கள், நடக்கும்போது இடறும். பத்தாவது பாயை விரித்தே வைக்கட்டும். கண் தெரியாத பிள்ளை இருக்கிற வீட்டில் முதலில் மூட வேண்டியது கிணறு. அதை நான் அப்போதே மூடிவிட்டேன்.