மாப்பிள்ளை வண்டிக்குக் கேஸ் வைத்தது

டீசல் லாரிக்குக் கேஸ் வைப்பது வெளியில் பேசிக்கொள்கிற அளவுக்குப் பயங்கரமான வேலை இல்லை ஐயா. புரொப்பேன் என்று பெயர், அடுப்பில் எரிகிற கேஸுக்குப் பங்காளி. இன்ஜின் இழுக்கிற காற்றோடு அதைக் கொஞ்சம் கலந்துவிட்டால் டீசல் மிச்சமில்லாமல் எரியும், ஏற்றத்தில் வண்டி முக்காமல் முனகாமல் ஏறும். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் கேஸ் தானாக நிற்க ஒரு வால்வு உண்டு. அது நிற்காவிட்டால் சாவியைத் திருப்பினாலும் இன்ஜின் அடங்காது. அதற்காகத்தான் ஸீட்டுக்குப் பின்னால் நிற்கிற சிலிண்டரில் கையால் மூட ஒரு திருகும் இருக்கிறது. நான் கேஸ் வைத்த எந்த வண்டியும் வழியில் படுத்ததில்லை. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் இருக்கிறது. கேஸ் வைத்தவன் முதல் ஓட்டத்தில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தத் திருகில் கை வைத்தபடியே போய் வரவேண்டும். அவனுக்கு முடியாவிட்டால் அவன் வீட்டு ஆள் யாராவது ஏறவேண்டும். தன் வீட்டு உயிரை ஏற்றி அனுப்புகிறவன் வேலையில் கோளாறு வைக்கமாட்டான் என்று ஒரு கணக்கு. நல்ல வழக்கம்தான், நான் குறை சொல்லமாட்டேன்.

என் தங்கையைப் பற்றிச் சொல்லவேண்டும். அப்பா அம்மா போன பிறகு அவளை ஆளாக்கியது நான். எனக்குச் சமைப்பாள், என் சட்டையில் கிரீஸ் கறையைத் தேய்த்து எடுப்பாள், நான் வரும்வரை சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பாள். அப்படி உட்காரச் சொல்லி ஒருநாள் கடுமையாகச் சொல்லவேண்டியிருந்தது. அதன் பிறகு சொல்லத் தேவை ஏற்படவில்லை. பிறகு வொர்க்‌ஷாப்புக்கு வண்டி விட வந்த ஒரு லாரி டிரைவரைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள்.

மாப்பிள்ளை கெட்டவன் என்று நான் சொல்லவில்லை. குடிக்கமாட்டான், கைநீட்டமாட்டான். ஆனால் அவர்கள் இருந்த மாடி அறைக்கு ஒருமுறை போனபோது, படியேறும்போதே அவள் சிரிப்பது தெருவரைக்கும் கேட்டது. என் வீட்டில் அவள் ஒருநாளும் அப்படிச் சிரித்ததில்லை. அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது, அவள் அங்கே நன்றாக இல்லை.

விரல் விஷயத்தை நீங்களே கேட்பீர்கள், நானே சொல்லிவிடுகிறேன். போன வருஷம் அவன் இன்ஜினுக்குள் கையை விட்டு பெல்ட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். நான் மேலே உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். "இருங்க மச்சான், கை உள்ள இருக்கு" என்று அவன் சொன்னது உண்மை. நான் கேட்டதும் உண்மை. அவன் சொன்னது முன்னாலா, நான் சாவியைத் திருப்பியது முன்னாலா என்று இப்போது சொல்வது கஷ்டம். இரண்டு விரல் போயிற்று. ஒன்றை ஃபேனுக்கு அடியிலிருந்து நான்தான் எடுத்து, துணியில் சுற்றி ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தனுப்பினேன். ஒட்டவைக்க முடியவில்லையாம்.

அதற்கும் அவன் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "மச்சான் வேணும்னேவா பண்ணாரு? தெரியாம நடந்துபோச்சு" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். மனுஷனுக்கு எரிச்சல் வருமா வராதா, நீங்களே சொல்லுங்கள். தங்கைதான் அன்றையிலிருந்து என் முகத்தைப் பார்த்துப் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள்.

இந்த வருஷம் அவனுக்கு மலைக்கு அந்தப் பக்கம் சிமென்ட் ஏற்றுகிற வேலை கிடைத்தது. குடும்பத்தோடு அங்கேயே போய்விடுவதாகப் பேச்சு. மலை ஏற வண்டிக்கு மூச்சு பத்தாது, கேஸ் வைக்கவேண்டும் என்று என்னிடமே வந்தான். "வேற எவன்கிட்ட விடுவேன் மச்சான்? உங்க கையால வச்சாத்தான் அவளுக்கும் நிம்மதி" என்றான். கூட வந்திருந்த தங்கை, "அங்க போயிட்டா அடிக்கடி வர முடியாதுண்ணே" என்றாள். சொல்லும்போது அவள் முகத்தில் வருத்தத்தைத் தேடினேன். மறைக்கத் தெரிந்தவள், நன்றாக மறைத்திருந்தாள்.

வேலையை நிதானமாகச் செய்தேன். நிற்கவேண்டிய வால்வு நிற்காதபடி செய்தேன். கைத்திருகு எவ்வளவு திருகினாலும் சும்மா சுற்றுகிற மாதிரி செய்தேன். பார்க்க அழகாக இருந்தது, சக மெக்கானிக் ஒருவன் பாராட்டிவிட்டுப் போனான்.

முதல் ஓட்டத்தன்று எனக்கு இடுப்புப் பிடிப்பு என்று சொல்லிவிட்டேன். மாப்பிள்ளைக்கு இந்த வழக்கமெல்லாம் ஒரு பொருட்டில்லை, தனியாகவே போய்விடுவான் என்பது என் கணக்கு. போகத்தான் இருந்தான். அவனுக்குச் சாப்பாடு கொண்டுவந்த தங்கை, டப்பாவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கேபினில் ஏறிவிட்டாள்.

"நீ எதுக்கு ஏறுற?" என்றேன்.

"ஏன், நான் உன் வீட்டு ஆளு இல்லையா? வழக்கத்த விடக்கூடாதுண்ணே" என்றாள். விரல் போன பிறகு அன்றுதான் என்னைப் பார்த்துச் சிரித்தாள். சமாதானம் ஆகிவிடலாம் என்று நினைத்தாள் போலிருக்கிறது.

இறக்கிவிட எனக்கு நேரம் இருந்தது ஐயா. மாப்பிள்ளை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஒரு வார்த்தை போதும். ஆனால் என் வீட்டு ஆள் என்று வாயால் சொல்லிவிட்டு, உட்கார்ந்தது அவன் பக்கத்தில். எனக்குக் கோபம் வந்தது. கேட்டைத் திறந்துவிட்டேன்.

வொர்க்‌ஷாப் வாசலிலிருந்தே மலைப்பாதை தெரியும். வண்டி ஏறின அழகை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். சோதித்துப் பார்க்க ஏற்றியிருந்த அந்தப் பாரத்தோடு வேறெந்த வண்டியும் அப்படி ஏறினதில்லை. முதல் மேடு தாண்டி, வாசலுக்குத் தெரிகிற இறக்கத்தில் திரும்பியதும் இன்ஜின் கத்த ஆரம்பித்தது. கால் எடுத்த பிறகும் கத்துகிறது என்று சத்தத்திலேயே தெரிந்தது. பிரேக் சூடேறிப் புகை வந்தது. அப்புறம் உள்ளே ஏதோ உடைந்து இன்ஜினைக் கிழித்துக்கொண்டு வெளியே வருகிற ஓசை, பாறையில் மோதுகிற ஓசை.

கடப்பாரையை எடுத்துக்கொண்டு ஓடியவர்களில் நானும் ஒருவன். இடுப்புப் பிடிப்பைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேபினில் தீப்பிடித்திருந்தது. தங்கையின் வலது கை அந்தத் திருகைப் பிடித்தபடியே இருந்தது. தோல் அதோடு ஒட்டிக்கொண்டிருந்ததால் பிரித்துத்தான் எடுக்கவேண்டியிருந்தது. கால்கள் இரண்டும் டாஷ்போர்டுக்கு அடியில் நசுங்கியிருந்தன. அவளை இழுத்து எடுத்தவர்கள் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார்கள். நான் டிரைவர் பக்கம் போனேன்.

அவன் செத்திருக்கவில்லை. ஸ்டியரிங் நெஞ்சில் அழுத்தியிருந்தது, அவ்வளவுதான். "மச்சான், அவளப் பாருங்க முதல்ல" என்றான். அவளைப் பார்க்க எனக்கு இவன் சொல்லித்தரவேண்டியதில்லை. கடப்பாரையால் தலையில் அடித்தேன். ஒரே அடியில் முடியவில்லை, உள்ளே கையை வீச இடம் போதவில்லை. முடிகிறவரை அடித்தேன். மண்டையில் இருக்கிற காயம் பாறையில் பட்டதல்ல என்று உங்கள் டாக்டர் எழுதியது சரிதான்.

திரும்பியபோது தூக்கிப்போனவர்களின் தோளுக்கு மேலாக அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள்தான் எல்லாவற்றையும் சொன்னாள் என்கிறீர்கள். வலியில் மனுஷர்கள் எதையாவது சொல்வார்கள், நான் மனதில் வைத்துக்கொள்ளமாட்டேன். ஆஸ்பத்திரியில் நான் வார்டுக்குள் நுழைந்தால் கத்துகிறாள் என்று நர்ஸ் என்னை வெளியே நிறுத்திவிட்டாள். அதுவும் வலிதான். இனி அவளுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?

நீங்கள் வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போகும்வரை நான் சும்மா இருக்கவில்லை. அவள் படியேற முடியாது என்பதால் கீழ் அறையைச் சுத்தம் செய்து வெள்ளையடித்தேன். கட்டிலைத் தாழ்வாக வெட்டிவைத்தேன். தெருச் சத்தம் தொந்தரவு செய்யாமல் ஜன்னலைப் பலகை வைத்து அடைத்தேன். அடிக்கடி எழுந்து கதவைச் சாத்த அவளால் முடியாதே, பாவம், அதனால் தாழ்ப்பாளை வெளிப்பக்கமாகவே வைத்துவிட்டேன்.