கழுத்துக்கறி வேகும் நேரம்

கழுத்துக்கறியை யாரும் விரும்பிக் கேட்டு வாங்குவதில்லை சார். விலை மலிவு, நார் அதிகம், பார்க்கவும் அழகில்லை. ஆனால் வேகவைக்கத் தெரிந்தவளுக்கு மாட்டில் அதைவிட ருசியான இடம் கிடையாது. சின்ன வெங்காயமும் தேங்காய்ப் பல்லும் போட்டுக் கறுக்க வறட்டி எடுக்கலாம். நல்லமிளகு தட்டிப் போட்டுத் தேங்காய்ப்பாலில் வைக்கலாம். சாப்பிட ஆள் கூடுதல் என்றால் எலும்போடு மரவள்ளிக்கிழங்கில் போட்டுக் கிளறிவிடலாம். எதைச் செய்தாலும் முதலில் அது நிதானமாக வேக வேண்டும். கேரளத்தில் எங்கள் பாலா ஊர்ப் பக்கத்தில் இது சின்னப் பெண்ணுக்கும் தெரியும். எனக்குத் தெரியாமல் நடந்துவிட்டது என்று நான் சொன்னால் நீங்கள் நம்பக் கூடாது.

உங்கள் ஸ்டேஷன் வாசலில் நின்ற போலீஸ்காரர், "துக்கத்துல ஏதோ பேசுறீங்க சேச்சி, வீட்டுக்குப் போங்க" என்றார். நல்ல மனுஷன். எனக்குத் துக்கம் இல்லை, வெட்கம்தான். அதை அவரிடம் எப்படிச் சொல்வது?

ரோசா என் கூடப்பிறந்த அக்கா, என் சேச்சி. அம்மா போனபிறகு எனக்குத் தலை பின்னிவிட்டு, பள்ளிக்கு அனுப்பி, கல்யாணமும் செய்து வைத்தவள். தான் கட்டிக்கொள்ளவில்லை. ஜெர்மனியில் நர்ஸாக இருந்துவிட்டுக் கடைசியில் என்னோடு இருக்க வந்தாள். வந்த கொஞ்ச காலத்தில் பக்கவாதம். வலது பக்கம் விழுந்துவிட்டது, தொண்டையும் பாதி போயிற்று. குரியாச்சன் டாக்டர், "எதைக் குடுத்தாலும் மசிச்சுக் குடு ஏலி, பருக்கை கூட அவங்களுக்கு ஆபத்து" என்று சொல்லியிருந்தார்.

நான் அப்படித்தான் கொடுத்தேன். அவளுக்குக் கறி இல்லாமல் ஆகாது. குக்கரில் பப்பாளிக்காய்த் துண்டு போட்டுக் குழைய வேகவைத்து, அம்மியில் அரைத்துக் கஞ்சியில் கலந்து ஊட்டுவேன். சாப்பிட்டுவிட்டுக் குறை சொல்வாள்.

"எடீ, மிளகு எங்க? ஆஸ்பத்திரிச் சாப்பாடு மாதிரி இருக்கு."

"நீங்கதானே சேச்சி காரம் வேணாம்னீங்க?"

"நான் ஆயிரம் சொல்லுவேன். உனக்குன்னு ஒரு நாக்கு இல்லையா?"

இதற்காக ஒருவரும் ஒருவரையும் கொல்ல மாட்டார்கள். நானும் இதற்காகச் செய்யவில்லை.

என் மகள் ஜின்ஸி அயர்லாந்தில் இருக்கிறாள். அவளுக்குத் தலைப்பிரசவம். போனில் தினமும் அழுவாள். "மம்மி, இங்க எனக்கு யாரு இருக்கா? பெரியம்மாவைக் கொஞ்ச நாள் மடத்துல விட்டுட்டு வாங்க." கன்னியாஸ்திரீகள் நடத்தும் இல்லம் எங்கள் சர்ச்சுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. வயதானவர்களை நன்றாகப் பார்ப்பார்கள். சேச்சியிடம் அதைப் பற்றி ஒரே ஒரு தடவை பேசினேன்.

"என்னைத் தள்ளிவிடப் பாக்குறியா?" என்றாள். "ஜெர்மனியில எத்தனை கிழங்களைத் துடைச்சு விட்டிருக்கேன். என்னைத் துடைக்க நீ ஒருத்தி போதும்."

அதற்குப் பிறகு நான் வாய் திறக்கவில்லை. மனசில்தான் பேசிக்கொண்டே இருந்தேன்.

ஐம்பது நாள் நோன்பு தொடங்குவதற்கு முந்தின ஞாயிறு எங்களுக்குக் கறி சமைக்கும் கடைசி நாள். சாக்கோவின் கடைக்குப் போவதற்குள் நல்ல துண்டெல்லாம் தீர்ந்திருந்தது.

"கழுத்துதான் மிச்சம் ஏலிச்சேச்சி. பல்லு இருக்கறவங்களுக்குக் குடுங்க" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். வீடு வரும்வரை அந்த வார்த்தை கூடவே வந்தது.

அன்று குக்கரை எடுக்கவில்லை. பப்பாளிக்காயும் போடவில்லை. வாணலியில் எண்ணெய் விட்டு, பெருந்தீயில் கறியைப் போட்டு வறட்டினேன். மேலே நல்ல கறுப்பு ஏறிற்று. கறிவேப்பிலை வாசம் முற்றம் வரை போனது. பார்த்தால் வெந்த கறிதான். கரண்டியால் அழுத்தினால் ரப்பர் செருப்பு மாதிரி திருப்பித் தள்ளியது. அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் அடுப்பை அணைத்தேன்.

சாயங்கால ஜெபம் முடிந்து சேச்சியை நாற்காலியில் உட்காரவைத்தேன். "இன்னிக்கு மணமா இருக்கே" என்றாள். முழுத் துண்டைப் பார்த்ததும் என்னை ஏறிட்டாள்.

"இது எனக்கா?"

"நோன்புக்கு முன்னாடி ஒரு தடவை வாய்க்கு ருசியாச் சாப்பிடுங்க."

முதல் துண்டை நெடுநேரம் வாயில் உருட்டினாள். பிறகு இடது கையால் வெளியே எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். "வேகல ஏலி."

"வெந்தாச்சு. மெல்லுங்க" என்று இரண்டாவது துண்டைக் கொடுத்தேன். அது உள்ளே போயிற்று. ஆனால் இறங்கவில்லை.

சத்தம் ஒன்றும் வரவில்லை சார். எல்லாரும் சத்தம் வரும் என்று நினைக்கிறார்கள். சேச்சி நர்ஸ், தனக்கு என்ன ஆகிறது என்று அவளுக்குத் தெரியும். முதுகில் எங்கே தட்ட வேண்டும் என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவளே அவள்தான். என் சேலைத் தலைப்பைப் பிடித்தாள். அந்த விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, அடுப்பில் ஏதோ தீய்கிற மாதிரி அடுப்படிக்குப் போனேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. கரண்டியைக் கழுவினேன். கழுவின கரண்டியை மறுபடியும் கழுவினேன்.

திரும்பி வந்தபோது தலை சாய்ந்திருந்தது. தட்டின் ஓரத்தில் இருந்த துண்டை எடுத்தேன். மிச்சக் கறியோடு அதையும் குக்கரில் போட்டு, பப்பாளிக்காய் நறுக்கிப் போட்டு மூடினேன். வெந்ததும் சேச்சியின் தட்டில் கொஞ்சம் கஞ்சியும் மசித்த கறியும் வைத்தேன். அதன் பிறகுதான் முற்றத்தில் போய் நின்று கத்தினேன்.

குரியாச்சன் டாக்டர் வந்து பார்த்தார். சேச்சியின் வாயில் அடைத்திருந்ததை எடுத்தார். கறி நார் என்பதற்கு மேல் அதைப் பார்க்கவில்லை. தட்டில் இருந்ததை ஸ்பூனால் அழுத்தினார். வெண்ணெய் மாதிரி உடைந்தது. "இதைவிட மெத்துனு யாரும் குடுக்க முடியாது. உன் மேல தப்பே இல்ல ஏலி, ஏதோ ஒரு நார் மாட்டிக்கிச்சு" என்று என் தோளைத் தட்டினார்.

அடக்கத்தின்போது பாதிரியார் என்னைப் பற்றித்தான் பேசினார். நோன்புக்கு முன் அக்காவின் ஆசையைத் தீர்த்துவைத்த தங்கை என்றார். பெண்கள் வந்து என் கையைப் பிடித்து முத்தமிட்டார்கள். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றேன். அப்படியே பொறுத்துக்கொண்டு விமானம் ஏறியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் மடத்திலிருந்து சிஸ்டர் பெனீட்டா வந்திருந்தார். மாதாமாதம் சேச்சிக்கு நற்கருணை கொடுக்க வருகிறவர். என்னை ஓரமாக அழைத்துப் போனார்.

"ரோசா உன்கிட்ட சொன்னாளா ஏலி? நோன்பு தொடங்கினதும் எங்ககிட்ட வந்துடறேன்னு அறை கேட்டிருந்தா. 'ஏலி மகள்கிட்ட போகட்டும், பாவம், எனக்காகவே தேய்ஞ்சுட்டா. ஆனா நீங்க முந்திக்காதீங்க, இதை நானே அவகிட்ட சொல்லணும்'னா. அறைக்குச் சுண்ணாம்பு கூட அடிச்சாச்சு."

"சொல்லல சிஸ்டர்" என்றேன்.

அன்றிலிருந்து அதையேதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன் சார். சேச்சி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கறியைக் குழைய வேகவைத்திருப்பேன், பிடிவாதக்காரி, கடைசிவரை மனசை மறைத்துவிட்டாள் என்று. ஜின்ஸியிடமும் அப்படியே சொன்னேன். இங்கே வரும் வழியில் பஸ்ஸில்கூட உங்களிடம் அப்படித்தான் சொல்வதாக இருந்தேன்.

"வேகல ஏலி" என்றதோடு சேச்சி நிறுத்தவில்லை. "அதை விடு, உன்கிட்ட ஒரு சந்தோஷமான விஷயம் சொல்லணும்" என்று வாயைத் திறந்தாள். அப்போதுதான் இரண்டாவது துண்டை வைத்தேன்.