வீடு அவளுடையது, விருந்தாளி நான்!

மன்றத்துக்குத் தலைமை தாங்கும் ஓநாய்க் குலத்துப் பெரியவரே! பல் போயும் சொல் போகாத மூத்தோரே! பயறு போட்ட சோள உருண்டையை அடுப்பில் வேகவிட்டு ஓடிவந்திருக்கும் தாய்மார்களே! வேலியோரம் நின்று சிரிக்கிற மருமகப்பிள்ளைகளே! செரோக்கி மக்கள் அத்தனை பேருக்கும் என் வணக்கம்.

ஐம்பத்தெட்டு வருடமாயிற்று. கிழக்கே, நம் பழைய மலைநாட்டில், நான் பன்னிரண்டு வயதுச் சிறுமி. சோளம் முழங்கால் உயரம் நின்றது. துப்பாக்கியோடு வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வந்தார்கள். முன்னால் ஒரு செம்மீசைக்காரன். அந்த மூஞ்சியை நான் மறப்பேனா? எங்கள் பானைக் கஞ்சியைக் குடித்துவிட்டல்லவா எங்களை விரட்டினான்!

“நாட்டைக் காலி பண்ணணும். வீட்டுக்காரன் யாரு? கையெழுத்துப் போடச் சொல்லு!” என்றான். கூட வந்த துபாஷி அதை நம் மொழியில் சொன்னான்.

என் அப்பா சுவாகி புகைக்குழாயை வாயிலிருந்து எடுத்தார்.

“நான் இங்க விருந்தாளிங்க. பதினாலு வருஷமா உக்காந்து சாப்பிடறேன். வீடு அவளோடது, காடு அவளோடது. கோவம் வந்தா என் துணிமணிய வாசல்ல வெச்சிடுவா. எங்கம்மா வீட்டுக்கு நடையக் கட்டணும்.”

“புள்ளைங்க?”

“அதுங்களும் அவ குலந்தான். என் கையெழுத்து என் குதிரைக்கு மட்டுந்தான் செல்லும். குதிரை வரச் சம்மதம்னு எழுதிக்குங்க!”

சிப்பாய்களே சிரித்துவிட்டார்கள். மீசை துடித்தது. காகிதம் என் அம்மா ஐல்சியிடம் போனது.

“மண்ணை விக்க எனக்கே உரிமை கிடையாது. பொறக்கப்போற பொண்ணுங்களையும் கேக்கணும். அவங்க வர்ற வரைக்கும் உக்காருங்க” என்றாள் அம்மா.

உட்காரவில்லை, மேற்கே உந்தித் தள்ளினார்கள். நடந்தோம். பனியில் நடந்தோம். பசியில் நடந்தோம். என் தம்பியைப் பாதி வழியில் புதைத்துவிட்டு நடந்தோம். மன்னிக்கச் சொல்லி யாரும் என்னிடம் வராதீர்கள்! ஆனால் அந்தக் காகிதத்தில் ஐல்சியின் கீறல் ஒன்றுகூட விழவில்லை.

இன்று? அதே காகிதம், புது மேசை! பெயர் எழுத அரசாங்க அதிகாரி ஊருக்குள் மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறான். நம் பொதுநிலத்தைத் துண்டு போடுவார்களாம். குடும்பத் தலைவன் பெயரில் ஆளுக்கொரு துண்டாம். யாரது, “காலம் மாறிடுச்சு”ன்னு முனகறது? மாறட்டும் மாப்பிள்ளே! உன் துணி இன்னும் யார் வீட்டு ஆணியில தொங்குது?

தாய்மார்களே! பேசிப் பார்த்தோம், கேட்டார்களா? மனுப் போட்டோம், படித்தார்களா? நாளைக் காலை காலில் ஆமையோட்டுச் சலங்கை கட்டி வாருங்கள். இரவு ஆட்டத்தை ஒருநாள் வெயிலில் ஆடுவோம், அந்த மேசையைச் சுற்றி! தலைவர் முறைக்கிறார். முறையுங்கள் ஐயா, சலங்கை எங்கள் காலில்தானே? அந்த அதிகாரி பெயர் கேட்கிற சத்தம் அவன் காதுக்கே எட்டுகிறதா, பார்த்துவிடுவோம்!

பொறுமையாய்க் கேட்டவர்களுக்கு நன்றி. பொறுமையிழந்தவர்களுக்கு இன்னும் பெரிய நன்றி. வணக்கம்!