பெரிதாக்கிய கடை சிறிதாக்கிப் பிழைத்த கதை

பேரன்பிற்குரிய தலைவர் அவர்களே! கடையைப் பூட்டிவிட்டு வந்திருக்கும் வணிகப் பெருமக்களே! பூட்டினோமா இல்லையா என்று இப்போது யோசித்துக்கொண்டிருக்கும் பெரியோர்களே! கடையையும் வீட்டையும் ஒரே கையால் தாங்கும் தாய்மார்களே! அனைவரையும் வணங்குகிறேன்.

'மாற்றமே மூலதனம்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். மாறியவள் நான். மாற மறுத்தவர் என் கணவர். அதோ, பின்னால் கேமராவோடு நிற்கிறார். திரும்பிப் பார்க்காதீர்கள், கூச்சப்படுவார்.

எங்களுடையது போட்டோ ஸ்டுடியோ. பலகையில் என்ன எழுதியிருந்தோம்? 'எந்தப் படமும் பெரிதாக்கித் தரப்படும்.' உள்ளங்கையளவு படம் தாருங்கள், கதவளவு தருவோம்! உயிரோடு இருந்தபோது யாரும் மதிக்காத மாமனார்களைக்கூடச் சுவர் நிறையப் பெரிதாக்கியவர் என் கணவர்.

பிறகு செல்போன் வந்தது. எல்லார் கையிலும் கேமரா! எங்கள் நீர்வீழ்ச்சித் திரைக்கு முன்னால் உட்கார யார் இருக்கிறார்கள்? நான் உட்கார்ந்தேன். மாதக் கடைசியில் கடையைக் காலி செய்வதென்று முடிவாயிற்று. அட்டைப்பெட்டிகளும் வந்துவிட்டன.

அந்தப் பெட்டிகளுக்கு நடுவே ஒரு செவிலியர் ஓடிவந்தார். மருத்துவமனை வேலைக்கு இணையத்தில் விண்ணப்பம். கெடு ஐந்து மணி. அப்போது நாலரை.

"அண்ணா, போட்டோ ஏறவே மாட்டேங்குது. பெருசா இருக்காம். அம்பது கேபிக்குள்ள வேணுமாம்."

"பெருசா இருந்தா நல்லதுதானேம்மா?"

"ஐயோ அண்ணா, அரைமணிதான் இருக்கு!"

"இருபத்தஞ்சு வருஷமா ஆளுங்களைப் பெருசாக்கினவன் நான். சின்னதாக்கணும்னா வேற கடையைப் பாரும்மா."

"வேற கடை எங்கண்ணா இருக்கு?"

பெரியோர்களே! அந்தக் கேள்வி என் கணவர் காதில் விழவில்லை. என் காதில் விழுந்தது.

"என்னங்க, கொஞ்சம் நகருங்க" என்றேன். கட்டிவைத்த கணினியை அவிழ்த்தேன். கேபி என்றால் கிலோவா கிராமா என்றுகூட எனக்குத் தெரியாது. செல்போனில் தேடித் தேடிச் செய்தேன். முதல் முயற்சியில் படம் எட்டு கேபிக்குச் சுருங்கி மங்கிவிட்டது.

"அக்கா, இது நானா?"

"நீதாம்மா. கொஞ்சம் தூரத்துல இருக்கே."

மறுபடி செய்தேன். நாற்பத்தொன்பது! பின்னாலிருந்து ஒரு குரல்: "நாப்பத்தொம்பதுதானா? இன்னும் ஒண்ணு பெருசாக்கலாமே."

நாலு ஐம்பத்திரண்டுக்குப் படம் ஏறியது. வேலை கிடைத்ததா என்கிறீர்களா? கிடைத்தது. மறுநாள் அவருடைய தோழிகள் வந்தார்கள். பிறகு தேர்வெழுதுகிறவர்கள், உரிமம் கேட்கிற ஓட்டுநர்கள். எவர் படமும் பெரிதாகத்தான் இருந்தது. அட்டைப்பெட்டிகளைப் பழைய பேப்பர்காரருக்குக் கொடுத்துவிட்டோம்.

தொழில் என்பது எது, தோழர்களே? கேமராவா? கணினியா? பலகையா? இல்லை! பரபரப்போடு வாசலில் வந்து நிற்கிற மனிதரின் தேவை! கருவி மாறும், அதைக் கற்றுக்கொள்ளலாம். "வேற கடையைப் பாரும்மா" என்று நாம் சொல்கிற நாளில்தான் கடை மூடுகிறது. அதுவரை எந்த இயந்திரத்தாலும் அதை மூட முடியாது!

போன வாரம் என் கணவர் ஏணி போட்டு ஏறினார். 'பெரிதாக்கித் தரப்படும்' என்பதற்குக் கீழே 'சிறிதாக்கியும்' என்று தம் கையாலேயே எழுதினார். மிகச் சிறிய எழுத்தில். பக்கத்தில் போய்ப் பார்த்தால் தெரியும்.

பொறுமையோடு கேட்டவர்களுக்கும், மரியாதைக்காகக் கேட்டவர்களுக்கும் நன்றி. அவர் கையை ஆட்டுகிறார், படம் எடுக்கப் போகிறாராம். அனைவரும் நிமிர்ந்து உட்காருங்கள். வணக்கம்!