பச்சைத் துணிக்கு அந்தப் பக்கம்

தம்பி: இழுத்துப் பிடிக்கா... இன்னும் இழு... ஐயோ, மேல இழுன்னா கீழ இழுக்கிறியே!

அக்கா: கத்தாதடா! மாடி ஜன்னல் திறந்திருக்கு. அப்பா முழிச்சிக்கப் போறார்.

தம்பி: மதியம் சாப்பிட்டுப் படுத்தா இடி விழுந்தாலும் எழுந்திரிக்க மாட்டார்னு நீதானே சொன்னே?

அக்கா: இடிக்கு எழுந்திரிக்க மாட்டார். அவர் கார் கதவு சத்தம் கேட்டா எழுந்திரிச்சிடுவார். காலம் பூரா ஊருக்கே கார் ஓட்டக் கத்துக்கொடுத்த மனுஷன்டா அவர்.

தம்பி: சரி சரி... அந்த முனையை அந்தக் கம்பியில கட்டு. இந்தக் காத்து வேற உயிரை வாங்குது.

அக்கா: இவ்வளவு பெரிய பச்சைத் துணி அவசியம்தானா? சும்மா போன்லயே நாலு போட்டோ எடுத்து, கார் விக்கிற சைட்ல ஏத்திட்டுப் போயேன்.

தம்பி: பின்னாடி நம்ம வீடு தெரியுமே! அப்பாகிட்ட கத்துக்கிட்டவங்க எத்தனை பேர் இருக்காங்க... ஒருத்தன் பார்த்தாப் போதும். "என்ன மாஸ்டர், வண்டியை விக்கிறீங்களாமே"ன்னு உடனே அவருக்குப் போன் போட்டுடுவான்.

அக்கா: துணி இருந்தா?

தம்பி: பச்சையா இருக்கிறதையெல்லாம் கம்ப்யூட்டர்ல எடுத்துட்டு, அங்க ஒரு கடற்கரை ரோட்டை வச்சிடுவேன். வண்டி எந்த வீட்டு வாசல்ல நின்னுச்சுன்னு எவனுக்குத் தெரியும்? அதோட, அப்பா ஜன்னல்ல வந்து எட்டிப் பார்த்தாலும் துணிதான் தெரியும், வண்டி தெரியாது. எப்படி என் மூளை?

அக்கா: பெரிய மூளை! மூளை இருக்கிறவன் நேர்ல போய்ச் சொல்லியிருப்பான். "அப்பா, இனிமே ஓட்ட வேண்டாம், வண்டியை வித்துடலாம்"னு.

தம்பி: நீ சொல்ல வேண்டியதுதானே? நீதானே கூட இருக்கே.

அக்கா: சொன்னேனே! "அந்த வண்டி வாசல்ல நிக்கிற வரைக்கும்தான் நான் மாஸ்டர். அதுக்கப்புறம் யாரோ ஒரு கிழவன்"னார். சாப்பிட்ட தட்டை அப்படியே வச்சிட்டு எழுந்து போயிட்டார். அதுக்கு மேல எனக்கு வாய் வரலடா.

தம்பி: சரி, அசையாம நில்லு, ஒண்ணு எடுத்துப் பார்க்கிறேன்... அக்கா!

அக்கா: என்னடா?

தம்பி: நீ போட்டிருக்கிறது என்ன கலர் சட்டை?

அக்கா: பச்சை. துணியோட சேர்ந்து போகட்டுமேன்னு...

தம்பி: கடவுளே! பச்சையெல்லாம் காணாமப் போயிடும்னு இப்பதானே சொன்னேன்? உன் தலை மட்டும் கடல் மேல மிதக்கப் போகுது!

அக்கா: மிதக்கட்டும். நீ நேத்தே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?

தம்பி: துணிக்குப் பின்னாடி போய் நின்னு பிடி. போ... ச்சே, இது ஒண்ணு! வெள்ளை வண்டியா, கதவெல்லாம் பச்சை அடிக்குது பாரு. வண்டியும் துணியும் ரொம்பப் பக்கத்துல இருக்கு.

அக்கா: கண்ணாடி வழியாக்கூட பச்சை தெரியுதேடா.

தம்பி: அப்படியே விட்டா டிரைவர் சீட்டுக்குள்ள அலை அடிக்கும். அதை நான் பார்த்துக்கிறேன். முதல்ல வண்டியை முன்னாடி கொண்டு வரணும்.

அக்கா: தள்ளு.

தம்பி: இந்த மேட்டுல நீயும் நானும் தள்ளினா நகருமா? ஸ்டார்ட் பண்ணித்தான் ஆகணும். சாவி?

அக்கா: பைத்தியமா உனக்கு? அந்த எஞ்சின் சத்தம் கேட்டா...

தம்பி: ஒரே நிமிஷம். நகர்த்திட்டு ஆஃப் பண்ணிடறேன். அதோ மேகம் வருது பாரு, வெளிச்சம் போச்சுன்னா இன்னைக்குப் பொழப்பு அவ்வளவுதான். கொடுக்கா!

அக்கா: இந்தா. கேட் தூண்ல இடிச்சாரே, அன்னையிலேர்ந்து தலைக்கு அடியில வச்சுக்கிட்டுத்தான் படுக்கிறேன். கேட்டா, ரிவர்ஸ் கியர் வழுக்கிடுச்சாம்! தூண் இருந்த இடத்துல எதிர்வீட்டுக் குழந்தை நின்னிருந்தா? இன்னைக்கு எப்படியாவது ஏத்திடுடா.

தம்பி: அதுக்குத்தானே வந்திருக்கேன்... அக்கா, இந்தப் பக்கத்து பிரேக் இன்னும் இருக்கே!

அக்கா: இருக்காம? கத்துக்கிறவன் தப்பு பண்ணா, பக்கத்துல உக்காந்து அப்பா மிதிக்கிற பிரேக். எனக்குச் சொல்லிக்கொடுத்தப்போ அதுல ஒரு தடவைகூட கால் வைக்கல.

தம்பி: எனக்கு மிதிச்சு மிதிச்சே தேஞ்சு போச்சு.

அக்கா: அது ஊருக்கே தெரியும். பேசாம ஸ்டார்ட் பண்ணு.

தம்பி: இதோ திருப்பறேன்... அட!

அக்கா: என்ன?

தம்பி: சாவியைத் திருப்பினா ஒரு சத்தமும் இல்ல. செத்துக் கிடக்கு. இரு, முன்பக்கம் திறந்து பார்க்கிறேன்... அடக் கொடுமையே! பேட்டரி வயரைக் காணோம்!

அக்கா: எலி கடிச்சிருக்குமோ?

தம்பி: ஸ்பேனர் வச்சு நட்டைக் கழட்டுற எலியா? அக்கா... அப்பா வேலை இது. நாம விக்கப் போறோம்னு மோப்பம் பிடிச்சிட்டார்.

அக்கா: எப்படித் தெரியும்? நான் மூச்சு விடலையே. நீதான் போன்ல பேசறப்போ தெருவுக்கே கேக்கற மாதிரி...

தம்பி: ஆமா, எல்லாத்துக்கும் நான்தான்! நீ சும்மா... அக்கா, துணி! துணியைப் பிடி!

அக்கா: கயிறு அறுந்துடுச்சுடா... ஐயோ, மொத்தமா விழுந்துடுச்சே!

தம்பி: விடு, எடுத்துக் கட்டிக்கலாம்.

அக்கா: அசையாதே.

தம்பி: ஏன்?

அக்கா: ஜன்னலைப் பாரு.

தம்பி: ...எப்போலேர்ந்து நிக்கிறார்?

அக்கா: நேரா நம்மளைத்தான் பார்க்கிறார்டா.

அப்பா: யாரும்மா கீழே?

தம்பி: போச்சு. கிண்டல் பண்றார்.

அப்பா: யாருன்னு கேக்கறேன்ல? சின்னவன் வந்திருக்கானா?

தம்பி: கேமராவோட எதிர்லயே நிக்கிறேன், வந்திருக்கானான்னு கேக்கறாரே! சரியான கோபம்க்கா. நீ பேசு.

அக்கா: நாங்கதான்ப்பா! வண்டியை விக்கத்தான் போட்டோ எடுக்கறோம். அவனை வரச் சொன்னது நான்தான். திட்டறதுன்னா என்னைத் திட்டுங்க.

தம்பி: நானும்தான்ப்பா. உங்க கண்ணுல படக்கூடாதுன்னுதான் துணி கட்டி மறைச்சோம். தப்புதான். அதுக்காக வயரைக் கழட்டி ஒளிச்சு வச்சா எப்படிப்பா?

அப்பா: கேமரா சத்தம் கேட்டுச்சு. என்னத்தை எடுக்கறீங்கன்னுதான் தெரியல... வயர் ரேடியோவுக்குப் பின்னாடி இருக்கு. வந்து எடுத்துக்கோ.

அக்கா: விக்கக்கூடாதுன்னுதானே கழட்டினீங்க?

அப்பா: இன்னைக்கே விக்கப் போறீங்கன்னு நீ இப்போ சொல்லித்தானேம்மா எனக்குத் தெரியும். தூண்ல இடிச்ச அன்னைக்கே கழட்டிட்டேன். சாவியை நீ எங்க வச்சாலும் என் கை தேடிக் கண்டுபிடிச்சிடும். எனக்கு என் மேலயே நம்பிக்கை இல்ல. நான் ஓட்டினா பக்கத்துல உக்காந்து பிரேக் மிதிக்க யார் இருக்கா? தடவித் தடவி ஒருவழியா கழட்டினேன்.

தம்பி: தடவியா? ஏன், இருட்டுலயா கழட்டினீங்க?

அப்பா: நல்ல வெயில்லதான்டா.

அக்கா: அப்பா... நான் என்ன கலர் சட்டை போட்டிருக்கேன்?

அப்பா: சட்டையா? அது எதுக்கும்மா இப்போ?

தம்பி: அங்கேயிருந்து நல்லாத் தெரியுமேப்பா, பச்...

அக்கா: நீ வாயை மூடு! சொல்லுங்கப்பா.

அப்பா: நீ எது போட்டாலும் உனக்கு நல்லாத்தானேம்மா இருக்கும்.

அக்கா: தினமும் காலையில பேப்பர் படிச்சேன்னு எனக்கு நியூஸ் சொல்வீங்களே...

அப்பா: அது ரேடியோல கேக்கறதும்மா. அழாதே. மாஸ்டருக்குக் கண்ணு போச்சுன்னு எந்த வாயால சொல்றது, சொல்லு? டேய் சின்னவனே, துணியை எடுத்துக் கட்டு. அழகா போட்டோ எடுத்து, நல்ல ஆளாப் பார்த்துக் கொடுத்துடு. என்கிட்ட மறைக்கறதுக்குன்னா துணியெல்லாம் வேண்டாம்டா... நீங்க ரெண்டு பேரும் சண்டை போடாம இருந்தாலே போதும்.