நாலும் மின்னுது மச்சான்

மாலை ஆறரை மணி. குவீன்ஸ்லாந்தின் மேற்கே, வின்டன் ஊரைத் தாண்டிப் போகிற சாலை... கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒரு வளைவு கிடையாது, ஒரு விளக்கு கிடையாது. கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், இது கத்திச் சொல்கிற கதை இல்லை. என்னோடு சுரங்கத்தில் வேலை பார்த்த கோரியின் சித்தப்பா நெவிலுக்கு நடந்தது.

அந்தப் பக்கத்தில் வண்டி வயரிங் தெரிந்த ஒரே ஆள் நெவில்தான். தங்கை ரோண்டாவின் புருஷன் டேரன், வெளியில் வாங்கிய வட்ட மீட்டர் ஒன்றைத் தன் பைக்கில் மாட்டச் சொன்னான். அதில் இண்டிகேட்டருக்கு ஒரே ஒரு பல்பு. இடது வயர், வலது வயர் இரண்டும் அதற்கே வர வேண்டும். அப்படி வரும்போது ஒவ்வொன்றிலும், கரண்டை ஒரே திசையில் மட்டும் விடுகிற டயோடு ஒன்று வைக்க வேண்டும். இல்லாவிட்டால் இந்தப் பக்கத்துக் கரண்ட் அந்தப் பக்கம் புகுந்து, முன்னும் பின்னுமாக நாலு விளக்கும் சேர்ந்து மின்னும். நெவிலுக்குச் சோம்பல். இரண்டையும் சேர்த்து முறுக்கி, டேப் சுற்றிக் கொடுத்துவிட்டான்.

"வலது போட்டா நாலும் மின்னுது மச்சான். இது வண்டியா, கிறிஸ்துமஸ் மரமாடா?"

"உன் மூஞ்சிக்கு இது போதும். சனிக்கிழமை வா, பாக்கலாம்."

சனிக்கிழமை வரை டேரன் இருக்கவில்லை. தன் வீட்டு கேட்டுக்கு வலது பக்கம் திரும்புவதற்காக வலது போட்டு வேகத்தைக் குறைத்தான். பின்னால் மூன்று பெட்டி கோத்த லாரி. நாலும் மின்னுவதைப் பார்த்த டிரைவர், பைக் பழுதாகி நிற்கிறது என்று நினைத்து வலது பக்கமாக முந்தினான்... டேரன் திரும்பினான். அவ்வளவுதான்.

நொறுங்கிய வண்டியைச் சோதித்துச் சொல்லும்படி போலீஸ் நெவிலிடமே கொண்டுவந்து போட்டது. அவன் ஷெட் கதவைச் சாத்திக்கொண்டு, முறுக்கைப் பிரித்து, இரண்டு டயோடு வைத்தான். வயரிங்கில் குறையில்லை என்று சொல்லிவிட்டான். லாரிக்காரன் ஜெயிலுக்குப் போனான்.

"நாலும் மின்னுச்சுன்னு பொய்தானே சொல்றான், நெவ்?" என்று ரோண்டா அழுதபோது, அவள் முகத்தைப் பார்த்தே "ஆமா" என்றான். பாவி.

அடுத்த வருஷம் ரோண்டா அதே மீட்டரைக் கொண்டுவந்து நீட்டினாள். ஒரு கீறல்கூட இல்லை. "டேரன் ஞாபகமா என் பைக்ல மாட்டிக் குடு." என்ன சொல்லித் தட்டிக் கழிப்பான்? மாட்டினான். இந்தத் தடவை ஒழுங்காக டயோடு வைத்து.

வலது போட்டான்... நாலும் மின்னியது.

டயோடைத் திருப்பி வைத்துவிட்டோமோ? இல்லை. புதிது மாற்றினான். நாலும். எர்த் பிடித்த இடத்தைச் சுரண்டிப் போட்டான். நாலும். மீட்டர் வயரையே பிடுங்கினான். நாலும்! பேட்டரியைக் கழற்றி, விளக்கை விட்டுவிட்டு மின்ன வைக்கிற பிளாஷரை உருவி உள்ளங்கையில் வைத்துக்கொண்டான். டிக்... டிக்... டிக்... கையிலேயே அடித்தது. வெதுவெதுப்பாக இருந்தது. ஷெட் முழுக்க, டேரன் மேல் எப்போதும் அடிக்கிற பெட்ரோலும் புளித்த பீரும் கலந்த வாடை.

சட்டென்று நின்றது. எல்லாவற்றையும் திரும்ப மாட்டினான். வலது போட்டால் வலது, இடது போட்டால் இடது. ஒரு குறையும் இல்லை.

வாசலில் ரோண்டா. "என்ன நெவ், மூஞ்சி வெளுத்துப்போய் நிக்கிற? ஆச்சா, இல்லையா?"

இல்லை என்றால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்று சொல்லப் போனால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். "ஆச்சு" என்றான்.

"நான் நேரா அம்மா வீட்டுக்குப் போறேன். அந்த வீட்டுப் பக்கமே திரும்ப மாட்டேன்." டேரன் போனதிலிருந்து அந்த வீடு பூட்டித்தான் கிடந்தது. மனசு கேட்காமல் நெவில் தன் பிக்கப்பில் பின்னாலேயே போனான்.

பூட்டிய வீட்டின் கேட் நெருங்கியது. ரோண்டா மெதுவானாள். இடது விளக்கு மட்டும் மின்னியது. அந்தப் பக்கத்துச் சாலைகளில் முன்னால் போகிறவர் இடது போட்டால், பாதை காலி, முந்திப் போ என்று அர்த்தம். அப்பாடா, ஒரு பக்கம்தான் மின்னுகிறது என்று நெவிலுக்கு உயிர் வந்தது. முந்தி, அம்மா வீடு வரை முன்னால் போகலாம் என்று ஆக்ஸிலேட்டரை மிதித்தான்.

ரோண்டா வலது பக்கம் திரும்பினாள்.

தகரம் கிழிகிற சத்தம்... அப்புறம் ஒன்றுமில்லை. பிக்கப் இடது ஓரமாகப் போய் நின்றது. என்ஜினை அணைத்து, சாவியை உருவிக்கொண்டு ஓடினான். பிக்கப்புக்கு முன்னால், நடுரோட்டில் கிடந்தவளின் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டான்.

"டேரன் கேட்டைத் தொறந்துட்டு நின்னான்... அதான் திரும்பினேன்... வலது போட்டேனே நெவ்... பாக்கலையா?"

நிமிர்ந்து பார்த்தான். கேட்டில் சங்கிலி, பூட்டு. அவன் வாய் திறப்பதற்குள் அவள் மூச்சு நின்றுவிட்டது.

முதுகுக்குப் பின்னால்... டிக். டிக். டிக்.

சாவி அவன் சட்டைப் பையில் இருந்தது. ஆளில்லாத பிக்கப்பில் இடது விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. அதற்கும் பின்னால், இருட்டில், முந்துவதற்காக ஒரு பெரிய லாரி வேகமெடுக்கும் சத்தம் கேட்டது.