அவள் ஏன் காரில் ஏறுகிறாள்?

— சும்மா எப்படிங்க டைரக்டர் சார் ஏறிப் போறது? எதுக்குன்னு ஒண்ணு வேணுமில்ல?

— அய்யோ தமிழ்ப்ரியா, இது லவ் ஃபெயிலியர் பாட்டு. பொண்ணு போயிடுவா, பையன் மழையில நிப்பான். அவ்ளோதான். மழைக்குத் தண்ணி லாரி வந்து நிக்குது. கார் விஜயநகர்ல இருக்கற எங்க அங்கிளோடது, இருட்டறதுக்குள்ள திருப்பிக் குடுக்கணும். ஸ்வல்ப, கொஞ்சமே கொஞ்சம், அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க.

— காத்தால தாவணி கட்டிட்டு அந்தப் பையனுக்குச் சோறு ஊட்டி உட்டேன். மத்தியானம் ஜீன்ஸக் குடுத்தீங்க. போட்டதும் ஏமாத்திப் போட்டுப் போயிருவனா?

— ஜீன்ஸ் போட்டா பொண்ணு மாறிட்டான்னு அர்த்தம். பாக்கறவங்களுக்கு டக்குனு புரியணும் இல்லையா?

— நான் மைசூர்ல டெய்லி ஆபீசுக்கே ஜீன்ஸ்லதானுங்க போறேன்.

— நீங்க வேற, பாட்டு வேற குரு... ஸாரி மேடம், ஃப்ரெண்ட்ஸக் கூப்பிடற பழக்கத்துல வந்துடுச்சு.

— எங்கூர்ல அது வேற இது வேறன்னு ஆரு பாக்கறா? போன பாட்டுலயும் இதே மாதிரி ஒருத்தன உட்டுப்போட்டுப் போனேன். மாதேஸ்வரன் மலையில பூக்கடை அக்கா எனக்குப் பூவே குடுக்கல. "பாவம் அந்தப் பையன்"ங்குது. எங்கம்மாளும், "ஏன் கண்ணு அப்படிப் பண்ணுன?"ன்னு கேக்குது. என்னத்தச் சொல்ல? எனக்கே தெரியலீங்களே.

— சரி, உங்கப்பாவுக்கு உடம்பு சரியில்ல. அதனால போறீங்க.

— அப்படியே வெச்சுக்கலாமுங்க!

— இல்ல, இருங்க. அப்பா வந்தா செண்டிமெண்ட் பாட்டாயிடும். பீட் செட் ஆகாது.

— அவன் குடிச்சுப்போட்டு அடிச்சான்னு வெச்சா?

— அது விழிப்புணர்வுப் பாட்டு. இதுல நீங்க போனப்புறம்தான் அவன் குடிக்கவே ஆரம்பிப்பான்.

— அப்ப அவன் காருல போகட்டும். நான் மழையில நிக்கறேன்.

— பொண்ணு மழையில நனைஞ்சா டூயட்டுன்னு நினைச்சுப்பாங்க!

— அழுதுட்டே நின்னாலுமா?

— அழுதா... அழுதா அது என்ன பாட்டு? அப்படி நான் எடுத்ததே இல்ல. நீங்க என்னையும் சேத்துக் குழப்பறீங்க.

— காரணஞ் சொல்லாம ஏற மாட்டனுங்க. நான் ஏறுனா, ஊரே நான்தான் கெட்டவன்னு சொல்லும்.

— காரணம் நாம தேடவே வேண்டாம், ப்ரியா. இது நிஜமா நடந்தது, பாட்டு எழுதினவரோட சொந்தக் கதை. கோபிநத்தம்காரர். கல்யாணம் பண்ணிக்கலாம்னு வரச்சொன்ன பொண்ணு, மழையில இவரை நிக்க வெச்சுட்டு சொந்தக்காரங்க கார்ல ஏறிப் போயிட்டாளாம். சொல்றப்பவே மனுஷன் அழுதுட்டார்.

— கோபிநத்தமா? பேரு என்னங்க?

— மனோஜ்குமார்.

— நெத்தியில, இந்தப் பக்கம், ஒரு தழும்பு இருக்குமா?

— ஆமா, இருக்கு. ஏன் உக்காந்துட்டீங்க? யாராவது தண்ணி குடுங்கப்பா! ப்ரியா... அந்தப் பொண்ண உங்களுக்குத் தெரியுமா?

— தெரியுமுங்க.

— அப்ப நீங்களே சொல்லுங்க. அவ ஏன் கார்ல ஏறினா?

— ஏறுனது அவன்தானுங்க சார். திரும்பிப் பாப்பான், திரும்பிப் பாப்பான்னு இருட்டற மட்டும் மழையில நின்னது நானு.